4 மி.மீ. வித்தியாசத்தில் ஓடிய ரயில், 89 மி.மீ. வித்தியாசத்தில் நின்றது ஏன்? தண்டவாளத்தையே மாற்ற நினைக்கும் பின்லாந்து!

ரஷ்யாவிலும் பின்லாந்திலும் தண்டவாளங்களின் அகலம் ஒன்றல்ல. இரண்டுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு அரிசியின் நீளம்கூட வராது. அதனால் பல பத்தாண்டுகளாக ஒரே ரயில் இரண்டு நாடுகளிலும் சிக்கல் இல்லாமல் ஓடியது. ஆனால் மறுபக்கம் இருக்கும் ஸ்வீடனுடன் பின்லாந்துக்கு இருக்கும் வித்தியாசம் 89 மில்லிமீட்டர். நம் உள்ளங்கை அகலம்தான். அந்த இடைவெளியை ஒரு சாதாரண ரயிலால் தாண்டவே முடியாது.

இப்போது அந்த 89 மில்லிமீட்டரை இல்லாமல் செய்யப் பல ஆண்டுத் திட்டம் ஒன்றைப் பின்லாந்து கையில் எடுத்திருக்கிறது. சில மில்லிமீட்டரை ரயில் தாங்குகிறது, சில சென்டிமீட்டரை ஏன் தாங்குவதில்லை? இதற்காக ஒரு நாடு ஏன் இவ்வளவு பெரிய செலவுக்குத் தயாராகிறது?

பின்லாந்தில் என்ன நடக்கிறது?

பின்லாந்தில் ரயில் பாதை முதன்முதலில் 1862-ல் ஹெல்சின்கிக்கும் ஹமீன்லின்னாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அதனால் ரஷ்யாவில் இருந்த அதே 5 அடி அகலத்தில், அதாவது 1,524 மி.மீ. அகலத்தில் பாதை போட்டார்கள். 1917-ல் சுதந்திரம் கிடைத்தும் தண்டவாளம் மாறவில்லை. இன்று சுமார் 6,000 கிலோமீட்டர் பாதை அதே அகலத்தில் இருக்கிறது.

ஸ்வீடன், ஜெர்மனி, பிரான்ஸ் என ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பது 1,435 மி.மீ. 'ஸ்டாண்டர்ட் கேஜ்'. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஸ்வீடனும் சேர்ந்தது. இரண்டும் இப்போது ஒரே ராணுவக் கூட்டணி. ஆனால் ஒரு நாட்டின் ரயில் இன்னொரு நாட்டின் பாதையில் ஓடாது.

இந்தப் பின்னணியில்தான் ஐரோப்பிய அகலத்துக்கு மாறும் திட்டத்தை 2025 மே மாதம் பின்லாந்தின் போக்குவரத்து அமைச்சர் லுலு ரன்னே அறிவித்தார். முதல் கட்டம் நாட்டின் வடக்கே, ஸ்வீடன் எல்லையை ஒட்டிய பகுதியில். இறுதி முடிவு 2027-ல், கட்டுமானம் 2030-களின் தொடக்கத்தில் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட கால அட்டவணை. புதிய முக்கியப் பாதைகள் 1,435 மி.மீ. அகலத்தில் இருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய யூனியனின் 2024-ம் ஆண்டு விதியும் இதற்கு ஒரு காரணம்.

'கேஜ்' என்றால் என்ன? எங்கே அளக்கிறார்கள்?

இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கேஜ். மேல் விளிம்பில் வைத்து அளப்பதில்லை. தண்டவாளத்தின் தலைப்பகுதியில் இருந்து சுமார் 14 மி.மீ. கீழே அளக்கிறார்கள். ஏனென்றால் சக்கரத்தின் உள்பக்க விளிம்பு தண்டவாளத்தைத் தொடுவது அங்கேதான்.

ரயில் சக்கரத்தைக் கவனித்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, உள்பக்கத்தில் ஒரு விளிம்பு நீண்டிருக்கும். சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் காப்பது அது. இரண்டு, சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையாக இருக்காது. வெளிப்பக்கம் போகப் போக லேசாகச் சரிந்து, கூம்பு மாதிரி இருக்கும்.

இந்தச் சரிவுதான் ரயிலைத் திருப்புகிறது. வளைவில் போகும்போது அச்சு கொஞ்சம் வெளிப்பக்கம் நகரும். அப்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும், உள்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். வெளிப்பக்கம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும் இல்லையா? அது இப்படித்தான் சரியாகிறது. ஸ்டீயரிங் இல்லாமலே ரயில் திரும்புவதன் ரகசியம் இது.

அச்சு பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால் அதற்கு இடம் வேண்டும். அதனால் சக்கர விளிம்புகள் தண்டவாளத்தை ஒட்டி இறுக்கமாக உட்காராது. வேண்டுமென்றே ஒரு இடைவெளி விடப்படுகிறது. இந்திய அகலப்பாதையில் 1,676 மி.மீ. தண்டவாளத்தில் புதிய சக்கரம் நிற்கும்போது, இரண்டு பக்கமும் சேர்த்து இந்த இடைவெளி 19 மி.மீ. சக்கர விளிம்பு தேயத் தேய இடைவெளி இன்னும் கூடும்.

விஷயத்தின் சாவி இந்த இடைவெளிதான். இதற்குள் அடங்கும் வித்தியாசத்தை ரயில் சமாளித்துக்கொள்ளும். இதைத் தாண்டினால் பாதையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ரயிலை மாற்ற வேண்டும்.

4 மி.மீ. எப்படி வந்தது?

ஆரம்பத்தில் ரஷ்யாவும் பின்லாந்தும் ஒரே அளவுதான். சோவியத் யூனியன் 1970-ஐ ஒட்டித் தன் அளவை 1,520 மி.மீ. என்று மாற்றியது. பாதை புதுப்பிக்கப்படும் இடங்களில் எல்லாம் படிப்படியாகப் புதிய அளவு வந்தது. பின்லாந்து 1,524-லேயே நின்றுவிட்டது.

சோவியத் யூனியன் ஏன் 4 மி.மீ. குறைத்தது? இடைவெளி அதிகமாக இருந்தால், நேர்ப்பாதையில் வேகம் கூடும்போது சக்கர அச்சு இடமும் வலமும் மாறி மாறி அசையும். ரயில்வே பொறியாளர்கள் இதை 'ஹன்டிங்' என்கிறார்கள். பாம்பு நெளிவது போல வண்டி நெளியும். பயணிகளுக்குக் குலுக்கல், தண்டவாளத்துக்குத் தேய்மானம், அளவு மீறினால் தடம் புரளும் ஆபத்து. கனமான ரயிலை வேகமாக ஓட்ட, ஆட்டத்துக்கான இடத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ரயில்கள் எதையும் இதற்காக மாற்ற வேண்டியிருக்கவில்லை.

2010 டிசம்பரில் ஹெல்சின்கிக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே 'அலெக்ரோ' என்ற வேக ரயில் தொடங்கியது. சாதாரண வேகத்தில் 4 மி.மீ. பெரிய விஷயமில்லை. வேக ரயிலுக்கு அதையும் கணக்கில் எடுத்தார்கள். அதன் சக்கர அமைப்பு இரண்டுக்கும் நடுவே, 1,522 மி.மீ. அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. அந்த ரயில் 2022 மார்ச்சில் நின்றது. உக்ரைன் போர்தான் காரணம், தண்டவாளம் இல்லை.

அப்படின்னா இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகலாமா?

அதுவும் முடியாது. இடைவெளி மிகவும் குறைந்தால் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசிக்கொண்டே ஓடும். இரண்டும் சீக்கிரம் தேயும். வளைவில் கிரீச் என்ற சத்தம் காதைத் துளைக்கும்.

இதில் பிரிட்டனின் அனுபவம் ஒரு பாடம். ஆட்டத்தைக் குறைக்க அங்கே 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் பல பாதைகளை 1,435-க்குப் பதில் 1,432 மி.மீ. அகலத்தில் போட்டார்கள். முதலில் பலன் இருந்தது. ஆனால் சக்கரம் தேயத் தேய, அதன் ஓடும் பரப்பு தண்டவாளத்தின் உருவத்துக்கே குழிந்துகொண்டது. குழிந்த சக்கரம் குறுகிய பாதையில் ஓடும்போது, எந்த ஆட்டத்தைத் தவிர்க்க நினைத்தார்களோ அதுவே திரும்பி வந்தது. பிறகு 1,435-க்கே திரும்பினார்கள். வெறும் 3 மி.மீ.தான். அதன் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆனது.

இந்தியாவிலும் இதேபோல ஒரு 3 மி.மீ. உண்டு. நம் அகலப்பாதையின் பெயரளவு 1,676 மி.மீ. ஆனால் கான்கிரீட் ஸ்லீப்பர் போட்ட பாதைகள் 1,673 மி.மீ. அளவுக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. அப்போது 19 மி.மீ. இடைவெளி 16 ஆகக் குறைகிறது. கூர்மையான வளைவுகளில் மட்டும், அச்சு எளிதாகத் திரும்ப, அகலத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டி வைக்க அனுமதி உண்டு.

நேர்ப்பாதையில் ஒரு அளவு, வளைவில் ஒரு அளவு. கேஜ் என்பது ஒற்றை எண் மாதிரி தெரிந்தாலும், நடைமுறையில் அது 'இதிலிருந்து இதுவரை' என்ற ஒரு வரம்புதான். பாதையை அளந்துகொண்டே போகும் ஊழியர்களும் சோதனை ரயில்களும் பார்ப்பது, அளவு இந்த வரம்புக்குள் இருக்கிறதா என்பதைத்தான்.

8 மி.மீ. வித்தியாசம்: கடல் தாண்டிய ஸ்பெயின் ரயில்கள்

ஸ்பெயினும் போர்ச்சுகலும் முன்பு தங்கள் தங்கள் நாட்டு 'அடி' அளவில் பாதை போட்டன. இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. 1955-ல் இரண்டுக்கும் நடுவே 1,668 மி.மீ. என்று பொது அளவுக்கு வந்தார்கள். எல்லை தாண்டும் ரயில்கள் அதற்கு முன்பும் ஓடின, பின்பும் ஓடின.

அர்ஜென்டினா, சிலி நாடுகளின் அகலப்பாதை இந்தியாவைப் போலவே 1,676 மி.மீ. ஸ்பெயினை விட 8 மி.மீ. அதிகம். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஓடி முடித்த பழைய ரயில்களை இந்த நாடுகள் வாங்கித் தங்கள் பாதையில் ஓட்டின. 8 மி.மீ.யும் இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. மிதமான வேகத்துக்கு இது போதும். அதிவேகத்தில் ஓட்ட வேண்டுமென்றால் சக்கரங்களை மாற்றிப் பொருத்துவது நல்லது.

வரம்பைத் தாண்டியபோது நடந்த விபரீதம்

19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒவ்வொரு ரயில் நிறுவனமும் ஒவ்வொரு அகலம் வைத்திருந்தது. 1,435 மி.மீ. பாதையும், 'ஓஹையோ கேஜ்' எனப்படும் 4 அடி 10 அங்குலப் பாதையும் (சுமார் 1,473 மி.மீ.) பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வித்தியாசம் 38 மி.மீ. இடைவெளிக்குள் அடங்காத அளவு.

சரக்கையும் பயணிகளையும் இறக்கி ஏற்றுவதைத் தவிர்க்க, நிறுவனங்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. சக்கரத்தின் ஓடும் பரப்பை அகலமாக்கி, இரண்டு பாதையிலும் உருளும் மாதிரி செய்தார்கள். 'சமரசப் பெட்டிகள்' என்று அவற்றுக்குப் பெயர். அகலமான பாதையில் இந்தச் சக்கரங்களுக்கு ஆட இடம் அதிகம்.

1867 டிசம்பர் 18-ம் தேதி நியூயார்க் மாகாணத்தின் அங்கோலா என்ற ஊரில் அப்படி ஒரு பெட்டி, ரயிலின் கடைசியில் இணைக்கப்பட்டிருந்தது. பாலத்தை நெருங்கும்போது அது தடம் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. குளிருக்காகப் பெட்டிக்குள் வைத்திருந்த அடுப்புகளால் தீப்பிடித்தது. சுமார் 50 பேர் இறந்தார்கள். அளவுகளை ஒன்றாக்க வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் வலுக்க இந்த விபத்தும் ஒரு காரணம்.

89 மி.மீ. ஏன் இவ்வளவு பெரிய தலைவலி?

இரண்டு அகலங்கள் சந்திக்கும் இடத்தில் வழக்கமாக ஒரு தீர்வு உண்டு. ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டு, உள்ளே மூன்றாவதாக ஒன்றைப் போடுவார்கள். ஸ்பெயினில் 1,668-க்கும் 1,435-க்கும் வித்தியாசம் 233 மி.மீ. அங்கே மூன்று தண்டவாளப் பாதைகள் இருக்கின்றன. இந்தியாவில் மீட்டர் கேஜும் அகலப்பாதையும் சேர்ந்த இடங்களில் வித்தியாசம் 676 மி.மீ. அங்கேயும் இது சாத்தியமாக இருந்தது.

பின்லாந்துக்கு இங்கேதான் சிக்கல். தண்டவாளத்தின் அடிப்பகுதி மேல்பகுதியை விட அகலமானது. முக்கியப் பாதைகளில் போடும் கனமான ரகத்தில் அது 150 மி.மீ. வரை இருக்கும். 89 மி.மீ. இடைவெளிக்குள் இன்னொரு தண்டவாளத்தை எங்கே பொருத்துவது? இடமே இல்லை.

ரயில் நேரடியாக ஓட முடியாத அளவுக்குப் பெரியது, மூன்றாவது தண்டவாளம் போட முடியாத அளவுக்குச் சிறியது. அதனால் பின்லாந்தின் தோர்னியோவுக்கும் ஸ்வீடனின் ஹபரண்டாவுக்கும் இடையே உள்ள எல்லைப் பாதையில் நான்கு தண்டவாளங்கள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நாட்டு ரயிலுக்கும் தனித்தனி ஜோடி.

வேறு வழிகளும் உண்டு. சரக்கை இறக்கி வேறு ரயிலில் ஏற்றலாம். பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உள்ள சக்கரத் தொகுதியையே மாற்றலாம். ஸ்பெயினின் டால்கோ ரயில்களைப் போல, ஓடிக்கொண்டே சக்கர அகலத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டும் நேரத்தைத் தின்னும். மூன்றாவது, கனமான சரக்கு ரயில் முழுக்கப் பொருத்த விலை அதிகம்.

அமெரிக்கா 36 மணி நேரத்தில் மாற்றியதே?

ஆமாம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருந்ததும் 5 அடி பாதைதான். 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில், சுமார் 36 மணி நேரத்தில், ஏறத்தாழ 18,500 கிலோமீட்டர் பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை 3 அங்குலம் உள்ளே நகர்த்தினார்கள். அதாவது 76 மி.மீ. புதிய அகலம் 4 அடி 9 அங்குலம். 1,435-ஐ விட இது 13 மி.மீ. அதிகம். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். ரயில்கள் ஓடின. பிறகு பராமரிப்பின்போது மெல்ல மெல்ல 1,435-க்குக் கொண்டுவந்தார்கள்.

அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? அன்று இருந்தவை மரக்கட்டைகள். ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தைத் தள்ளி, மறுபடி ஆணி அடித்தால் போதும். இன்று இருப்பது கான்கிரீட் ஸ்லீப்பர். தண்டவாளம் உட்காரும் இடமும் அதைப் பிடிக்கும் கொக்கியும் வார்க்கும்போதே நிலையாகப் பதிக்கப்படுகின்றன. ஒரு சென்டிமீட்டர்கூட நகர்த்த முடியாது. ஸ்லீப்பரையே மாற்ற வேண்டும். பாதை பிரியும் இடங்களில் உள்ள பாயின்ட்கள், சிக்னல்கள், நடைமேடையின் விளிம்புகள், பணிமனைகள், எல்லாவற்றுக்கும் மேலாக எஞ்சின்கள், பெட்டிகள் என எல்லாமே ஒரு அளவுக்காகச் செய்யப்பட்டவை. அவ்வளவும் மாறும்வரை இருக்கும் ரயில் சேவையையும் நிறுத்த முடியாது.

பாதையை ஒரு நாளில் மாற்ற முடியாது என்பதால்தான், எல்லையில் இருந்து உள்நோக்கிக் கட்டம் கட்டமாகப் போவது பற்றிப் பேசுகிறார்கள்.

இதில் ராணுவக் கணக்கு என்ன?

எதிரி ரயிலில் வந்துவிடக் கூடாது என்றுதான் ரஷ்யா அகலத்தை மாற்றி வைத்தது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 5 அடி அகலம் 1840-களில் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லரின் ஆலோசனையோடு தேர்வானது. அவருடைய நாட்டின் தென்பகுதியில் அப்போது அதே அகலம் இருந்தது.

நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ராணுவத்தைத் தொட்டது. 1941-ல் சோவியத் யூனியனுக்குள் நுழைந்த ஜெர்மனி, பின்னால் இருந்து ஆயுதமும் உணவும் வர, தண்டவாளங்களைத் தன் அகலத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

2022-க்குப் பிறகு அதே பிரச்சனை வேறு வடிவில் வந்தது. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கியபோது உக்ரைன் தன் தானியத்தை ரயிலில் ஐரோப்பாவுக்கு அனுப்பப் பார்த்தது. உக்ரைனில் 1,520, போலந்தில் 1,435. எல்லையில் சரக்கு ரயில்கள் தேங்கின. 2025 செப்டம்பரில் சோப் – உஷ்ஹோரோட் இடையே 22 கிலோமீட்டர் ஐரோப்பிய அகலப் பாதையை உக்ரைன் திறந்தது. தூரம் சிறியது. ஆனால் உஷ்ஹோரோட்டில் ஏறினால் இறங்காமல் ஐரோப்பிய நகரங்களுக்குப் போகலாம். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியாவை இணைக்கும் 870 கிலோமீட்டர் 'ரயில் பால்டிகா' திட்டமும் 1,435 மி.மீ.யில்தான் வருகிறது.

பின்லாந்தின் வெளிநாட்டு வர்த்தகத்தில் பெரும்பகுதி பால்டிக் கடல் வழியாக நடக்கிறது. போர்க்காலத்தில் அந்தக் கடல் மூடப்பட்டால், மிஞ்சும் முக்கிய நிலவழி வடக்கே ஸ்வீடன் எல்லைதான். டாங்கிகளும் எரிபொருளும் வந்து சேர வேண்டிய அந்த இடத்தில் பாதை அகலம் மாறுகிறது. பின்லாந்தின் கவலை இதுதான்.

நம்ம ஊரில் எப்படி?

சென்னையிலும் இரண்டு அகலங்கள் இருக்கின்றன. புறநகர் ரயிலும் வேளச்சேரி பறக்கும் ரயிலும் 1,676 மி.மீ. பாதையில் ஓடுகின்றன. மெட்ரோ 1,435 மி.மீ. அதனால் மெட்ரோ ரயில் அப்படியே பறக்கும் ரயில் பாதையில் ஏற முடியாது. டெல்லி மெட்ரோவின் முதல் பாதைகள் அகலப்பாதையில் அமைந்தன. பிறகு வந்தவை 1,435-க்கு மாறின. ஒரே நிறுவனம் இரண்டு வகை ரயில்களைப் பராமரிக்கிறது.

ஒரே அகலம் இருந்தால் என்ன லாபம் என்பதற்கு இலங்கை உதாரணம். அங்கேயும் 1,676 மி.மீ.தான். சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். தயாரித்த டீசல் ரயில்கள் கப்பலில் இலங்கை போய் அந்த நாட்டுப் பாதையில் ஓடுகின்றன. அகலத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து என்ன?

பின்லாந்தின் முன் இப்போது இருக்கும் கேள்வி பணமும் காலமும்தான். வடக்கில் மட்டும் மாற்றினால், அகலம் மாறும் இடம் எல்லையில் இருந்து நாட்டுக்குள் நகரும். பிரச்சனை தீராது, இடம் மாறும். நாடு முழுக்க மாற்றினால் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை இரண்டு வகை ரயில்கள், இரண்டு வகை பணிமனைகள். ஐரோப்பிய யூனியன் எவ்வளவு பணம் தரும் என்பதைப் பொறுத்துத்தான் திட்டத்தின் வேகமும் இருக்கும்.

160 ஆண்டுகளுக்கு முன் ஹெல்சின்கியில் தண்டவாளம் போட்டபோது எந்த அகலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் செலவு ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்திருக்கும். இன்று அதே 89 மி.மீ.க்குக் கணக்குப் போட ஆண்டுகள் ஆகின்றன. 2027-ல் பின்லாந்து எடுக்கும் முடிவு, இனி அடுத்த பல தலைமுறைக்கு அந்த நாட்டின் ரயில்கள் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லிவிடும்.